குறியும் கண்ணாடியும்

தொலைநோக்கி வாங்கச் செல்பவர் கடையில் கேட்கும் முதற் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதே. கடைக்காரரும் அதையே எதிர்பார்த்து நிற்கிறார். பெட்டியின் மேலும் அந்த எண்ணே கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பத்தைக் காட்டிலும் இருபது உயர்ந்தது, இருபதைக் காட்டிலும் இருபத்து நான்கு உயர்ந்தது என்று நம்புவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால், பெரிதாகக் காட்டுவது வேறு. தெளிவாகக் காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியை, அதாவது வழக்கில் 'ஸ்கோப்' எனப்படும் கருவியை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சங்க மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தமையனார் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அங்கே முறைப்படி உரிமம் பெற்று, மான் வேட்டைப் பருவத்தில் நண்பர்களுடன் காட்டுக்குச் செல்பவர். 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்றை வாங்க எண்ணிய அவர், "பௌதிகம் படிக்கும் உன் நண்பனைக் கேட்டுச் சொல்" என்று தம்பிக்கு எழுதியிருந்தார். நான் துப்பாக்கி சுடுவதில் வல்லவன் அல்லன். எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒளியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு, நாள்தோறும் லென்ஸுகளோடு மல்லுக்கு நிற்பவன்; அவ்வளவே. கண்ணாடியைப் பற்றி அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

யாருக்கு வேண்டும்?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டு விலங்கு வேட்டையை அநேகமாக முற்றிலும் தடை செய்துவிட்டன. அது நல்லதே. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளிலும் உருவத்தைப் பெருக்கும் தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்த விதிகள் இடங்கொடுப்பதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்திராவும், 2024-இல் பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும் சிறு துளையின் வழியே குறி பார்த்து வென்றவர்களே. ஓடும் இலக்கைச் சுடும் போட்டிகளிலும், காற்றுத் துப்பாக்கியால் வெவ்வேறு தூரங்களில் உள்ள உலோக இலக்குகளைச் சாய்க்கும் 'ஃபீல்டு டார்கெட்' ஆட்டத்திலும் ஸ்கோப் பயன்படுகிறது. வேட்டை சட்டப்படி நடைபெறும் அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் அது அன்றாடக் கருவி.

எனினும் இங்கே கூறப்போகும் பௌதிகம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. பறவை பார்க்கப் பைனாகுலர் வாங்குபவருக்கும், வான் பார்க்கத் தொலைநோக்கி வாங்குபவருக்கும் இதே கணக்குத்தான்.

குழலுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்கோப்பின் முன்முனையில் பெரிய லென்ஸ் ஒன்று இருக்கிறது. தொலைவிலுள்ள பொருளின் தலைகீழான சிறு பிம்பத்தை அது குழலுக்குள் உண்டாக்குகிறது. நடுவிலுள்ள லென்ஸ் தொகுதி அந்தப் பிம்பத்தை நிமிர்த்தி மறுபடியும் ஒரு பிம்பமாக்குகிறது. கடைசியில் உள்ள கண் லென்ஸ் அதைப் பெரிதாக்கி நம் கண்ணுக்கு அளிக்கிறது. மடங்கை மாற்றக்கூடிய ஸ்கோப்பில், வெளியேயுள்ள வளையத்தைத் திருப்பும்போது நடுவிலுள்ள நிமிர்த்தும் லென்ஸுகள் முன்னும் பின்னும் நகர்கின்றன.

பிம்பம் விழும் இரண்டு இடங்களில் ஒன்றில் குறுக்குக் கம்பி வைக்கப்பட்டிருக்கும். பி.எஸ்ஸி. வகுப்பில் நிறமாலைமானியைக் கையாண்டவர்களுக்கு இது பழகிய பொருள். முதல் பிம்பத்தின் இடத்தில் வைத்தால், மடங்கு கூடும்போது கம்பியும் உருவத்தோடு சேர்ந்து பெரிதாகும். ஆகவே கம்பியிலுள்ள அளவுக்கோடுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். இரண்டாம் பிம்பத்தின் இடத்தில் வைத்தால், கம்பி எப்போதும் ஒரே தடிமனாகத் தோன்றும். அளவுக்கோடுகள் ஏதேனும் ஒரு மடங்கில்தான் மெய்யாக இருக்கும். சாதாரண வேட்டைக்கு இரண்டாம் வகையே பெரும்பாலும் போதும்.

மொத்தத்தில் ஒளி பல கண்ணாடிகளைக் கடந்தே கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு கண்ணாடியும் தன் குறையைச் சிறிதளவு சேர்த்தே அனுப்புகிறது. நல்ல ஸ்கோப்பு என்பது இந்தக் குறைகளை ஒன்றுக்கொன்று ஈடுகட்டும்படி அமைத்த ஸ்கோப்பாகும்.

கூர்மைக்கு எல்லை உண்டு

வட்டத்தை 360 பாகையாகவும், பாகையை 60 கலையாகவும், கலையை 60 விகலையாகவும் பிரிப்பது வானியலாரின் வழக்கம். நல்ல கண் பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரு கலை இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காணும். 100 மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது 2.9 செ.மீ. பத்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் வழியாகப் பார்த்தால், கண்ணின் எல்லை 6 விகலையாகக் குறைகிறது. அதாவது 100 மீட்டரில் 2.9 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும்.

இப்படியே மடங்கைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்றால், இயற்கை ஓரிடத்தில் கதவைச் சாத்துகிறது. ஒளி அலை வடிவானது. லென்ஸின் விளிம்பைக் கடக்கும்போது அது சற்றே வளைந்து பரவுகிறது. ஆகவே எவ்வளவு குற்றமற்ற லென்ஸானாலும், ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்ட முடியாது. ஒரு சிறு வட்டமாகவே காட்டும். 116 என்ற எண்ணை முன் லென்ஸின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால், அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் விகலையில் கிடைக்கும். இது டாஸ் என்ற வானியலார் தம் அனுபவத்தில் கண்ட விதி. 40 மி.மீ. லென்ஸுக்கு அது 2.9 விகலை. இருபது மடங்கிலேயே கண்ணின் எல்லை 3 விகலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் மடங்கைக் கூட்டினால் உருவம் பெருக்குமேயன்றிப் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதுவும் குற்றமற்ற லென்ஸுக்கு உரிய கணக்கு. மலிவான ஸ்கோப்பில் கண்ணாடியின் குறைகளாலேயே சட்டி முன்னதாகக் காலியாகிவிடுகிறது. 'இருபத்து நான்கு மடங்கு' என்று பெட்டியில் எழுதியிருக்கும். பன்னிரண்டுக்கு மேல் திருப்பினால் மான் கரைந்து மாவாகத் தெரியும். வெயில் ஏறிய தரையிலிருந்து எழும் கானலும் இதில் சேர்ந்துகொள்கிறது. அசையும் காற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் யாருக்கு என்ன பயன்?

நிறத்தின் தொல்லை

கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. ஆகவே ஒற்றை லென்ஸ் நீலப் பிம்பத்தை ஓரிடத்திலும் சிவப்புப் பிம்பத்தை வேறோரிடத்திலும் உண்டாக்கும். ஒன்று தெளிவாயிருக்கும்போது மற்றது மங்கலாகி, பொருளின் ஓரத்தில் வண்ண விளிம்பாகத் தோன்றும். இதை நீக்க வழியில்லை என்று கருதிய நியூட்டன், லென்ஸைக் கைவிட்டு 1668-இல் ஆடியால் ஆன தொலைநோக்கியைச் செய்தார். பேரறிஞருக்கும் சறுக்கும் இடம் உண்டு. இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்தால், ஒன்றின் குறையை மற்றொன்றால் போக்கலாம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் தெரிந்தது. அவ்வாறு அமைத்த இரட்டை லென்ஸுக்கு 1758-இல் இலண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். 1855-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் இத்தகைய லென்ஸுகளைத் துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் கொண்டுவந்தார்.

இரட்டை லென்ஸும் இரண்டு நிறங்களைத்தான் ஓரிடத்தில் சேர்க்கிறது. எஞ்சிய நிறங்கள் சற்றே விலகி நின்று, ஊதாவாகவும் பச்சையாகவும் மெல்லிய விளிம்பு காட்டுகின்றன. இதைக் குறைக்க, நிறங்களை மிகக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி தேவை. ஒரு கண்ணாடி நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது என்பதை 'அபே எண்' குறிக்கிறது. எண் பெரிதாக இருந்தால் பிரிப்பது குறைவு. சாதாரண கிரௌன் கண்ணாடிக்கு அது சுமார் 64. ஃபிளின்ட் கண்ணாடிக்குச் சுமார் 36. ஃபுளோரைட் படிகத்துக்குச் சுமார் 95. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே 1886-லேயே ஃபுளோரைட்டை நுண்பெருக்கியில் பயன்படுத்தி அரிய வெற்றி கண்டார். அந்தப் படிகத்தின் குணத்தை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும் கண்ணாடிகளை இன்று உலையிலேயே செய்கிறார்கள். 'ஈ.டி. கண்ணாடி' என்று விளம்பரங்களில் வருவது இந்த இனமே.

இங்கே வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும். 'ஈ.டி.' என்றும் 'எச்.டி.' என்றும் குழலின் மேல் பொறிப்பதற்கு எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அபே எண் 81 உள்ள கண்ணாடியும் ஈ.டி.; 95 உள்ளதும் ஈ.டி. பல லென்ஸுகளில் ஒன்று மட்டும் அவ்வகையாயிருந்தாலும் அதே எழுத்துகளைப் பொறிக்கலாம். அத்துடன், உயர்ந்த கண்ணாடியைத் தாழ்ந்த வடிவமைப்பில் வைத்தால் பயனில்லை. நல்ல அரிசி இருந்தும் உலை வைக்கத் தெரியாவிட்டால் சோறு குழைந்துதானே போகும்?

கண்ணாடி பிறக்கும் விதம்

ஜன்னலுக்கு இடும் கண்ணாடியைத் தேய்த்து லென்ஸ் செய்ய முடியாதா என்று முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் அதன் வழியே உலகம் நெளியும். ஒளிக்கண்ணாடிக்கு முதல் தகுதி, அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மையுடன் இருப்பதாகும். உருகிய கண்ணாடிக் குழம்பு, சர்க்கரைப் பாகைப் போல, தானாக ஒன்றுபடக் கலப்பதில்லை. அடர்த்தி வேறுபட்ட கீற்றுகள் உள்ளே நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் லூயி கினான் என்பவர், சூளை மண்ணால் ஆன கோலைக் கொண்டு குழம்பைக் கலக்கும் முறையைக் கண்டு அந்தத் தொல்லையைப் போக்கினார். பின்னர் 1884-இல் யேனா நகரில் ஓட்டோ ஷாட், அபே, கார்ல் ஸைஸ் ஆகியோர் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை, வேண்டிய குணத்துக்கு ஏற்ப வேண்டிய கண்ணாடியை உருக்கித் தரும் கலையை வளர்த்தது. உருக்கிய கண்ணாடியை மெல்ல மெல்ல ஆறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, ஒளியின் பாதை கோணும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிற நாடுகளை நம்பியிருந்த இந்தியாவில், ஒளிக்கண்ணாடியை நாமே செய்யும் முறையைக் கல்கத்தா யாதவ்பூரிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஆத்மா ராம் அவர்களின் தலைமையில் உருவாக்கியது. 1959-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு அளிக்கப்பட்டது. ஓர் உள்ளங்கையளவு கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை எண்ணும்போது, அதன் விலையைக் கேட்டு நாம் முகம் சுளிப்பது சற்றுக் குறையும்.

நூற்றுக்கு நான்கு

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது, நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. வெளியேறும்போது இன்னொரு நான்கு. இது சிறு இழப்பாகத் தோன்றலாம். ஆனால், குழலுக்குள் இப்படிப்பட்ட பரப்புகள் பதினாறு இருந்தால், கண்ணை வந்தடைவது நூற்றுக்கு ஏறத்தாழ 52 பங்கே. பாதி ஒளி வழியிலேயே பறிபோகிறது. பறிபோனதோடும் நில்லாமல், பரப்புக்குப் பரப்பு எதிரொளித்து, உருவத்தின் மேல் வெண்திரையாகப் படிகிறது. கறுப்பு சாம்பலாகிறது, நிழலில் நிற்பது நிழலோடு கலந்துவிடுகிறது.

1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வல்லுநர், நாட்பட்டு நிறம் மாறிய பழைய லென்ஸ், புது லென்ஸைவிட அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார். கண்ணாடியின் மேல் தானாகப் படிந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்ததே காரணம். இந்தப் படலத்தை வேண்டுமென்றே பூசும் முறையை 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டார். படலத்தின் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. அதன் மேற்பரப்பிலிருந்தும் கீழ்ப்பரப்பிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

ஒரு பூச்சு பூசினால் இழப்பு நூற்றுக்கு ஒன்றரை ஆகிறது. பதினாறு பரப்புகளைக் கடந்தபின் சுமார் 78 பங்கு கிட்டும். பல அடுக்குப் பூச்சு பூசி இழப்பை 0.3 ஆக்கினால் சுமார் 95 பங்கு கிட்டும். கண்ணாடி தானே விழுங்கும் ஒளியைக் கழித்தால், சிறந்த ஸ்கோப்புகள் 90 பங்கையொட்டி ஒளியைக் கடத்துகின்றன. ஆகவே விளம்பரத்தில் 'பூச்சு உள்ளது' என்று மட்டும் இருந்தால், ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருக்கிறது என்றே பொருள் கொள்ள வேண்டும். 'எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு' என்று இருப்பதையே நாட வேண்டும். ஆனால், 90-க்கும் 92-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் அறியாது. அதற்காகப் பணத்தை இரட்டிப்பாகக் கொடுப்பது வீண்.

அந்தி நேரத்துக் கணக்கு

மான் நண்பகலில் வந்து நிற்பதில்லை. புலரியிலும் அந்தியிலுமே காட்டோரத்துக்கு வருகிறது. ஸ்கோப்பின் தகுதி தெரிவதும் அப்போதுதான்.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண் லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸில் 4 மடங்கு என்றால் 10 மி.மீ.; 10 மடங்கு என்றால் 4 மி.மீ.; 20 மடங்கு என்றால் 2 மி.மீ. இருளில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அது 5 மி.மீ. அளவுக்கும் அதற்குக் கீழும் குறைந்துவிடும். ஒளிக்கற்றை கண்மணியைவிடச் சிறுத்தால் உருவம் இருளும். பருத்தால் மிகுதி ஒளி கண்மணிக்குள் நுழையாமல் வீணாகும். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் உயர்ந்த பரண்களில் அமர்ந்து அந்தியில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் நெடுங்காலமாக விரும்பிய 8×56 என்ற அளவு, வகுத்துப் பார்த்தால் மிகச் சரியாக 7 மி.மீ. தருகிறது. அனுபவமும் பௌதிகமும் கைகுலுக்கும் இடம் இது.

இன்னோர் எண்ணும் அச்சிடப்படுவதுண்டு. மடங்கையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு அதை 'அந்தி எண்' என்பார்கள். 8×56-க்கு அது 21, 24×50-க்கு 35. எண்ணை நம்பினால், அந்தியில் இரண்டாவதே மேலானது. ஆனால் அதன் ஒளிக்கற்றை 2 மி.மீ.தான், அந்தியில் அதன் வழியே பார்த்தால் இருட்டறைக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். கண்ணாடியின் தரத்தைப் பற்றி இந்த எண் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மேலும், 24 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் தெரியும் காட்சியின் அகலம் சுமார் ஒன்றரை மீட்டரே. காட்டில் அதற்குள் மானைத் தேடிப் பிடிப்பதற்குள் மான் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்!

இடமாறு தோற்றம்

முன் லென்ஸின் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், தலையை அசைக்கும்போது கம்பி இலக்கின் மேல் நகர்வதாகத் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கும் அதே இடமாறு தோற்றப் பிழை, இங்கே குறியைத் தவறச் செய்கிறது. 40 மி.மீ. ஸ்கோப் 100 மீட்டருக்குச் சீர்செய்யப்பட்டிருந்து, இலக்கு 200 மீட்டரில் இருந்தால், கண் ஓரமாக விலகும்போது பிழை 2 செ.மீ. வரை போகலாம். மான் வேட்டைக்கு இது பெரிதன்று. சிறு வட்டத்தைச் சுடும் 'ஃபீல்டு டார்கெட்' ஆட்டக்காரருக்கு இது பெரிய தொல்லை. ஆகவே அவருக்குப் பக்கத்துக் குமிழால் தூரத்துக்கு ஏற்பச் சீர்செய்யும் ஸ்கோப் வேண்டும். மற்றவருக்கு அது கட்டாயமன்று.

கடையில் சோதிக்கும் முறை

கடைக்குள் பளிச்சென்ற விளக்கின் கீழ் எந்த ஸ்கோப்பும் அழகாகவே காட்டும். கடைக்காரரின் அனுமதியுடன், துப்பாக்கியில் பொருத்தாத வெறும் ஸ்கோப்பை வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும். இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே மடங்கில் வைப்பது முதல் விதி. எக்காரணத்தாலும் சூரியனைப் பார்க்கலாகாது, கண் போய்விடும்.

முதலில், வெறும் வானத்தை நோக்கி, கண் லென்ஸைத் திருகிக் குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியும்படி செய்ய வேண்டும். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண்ணே தன்னைச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றும். ஒரு நொடி பார்த்துக் கண்ணை எடுத்து, மீண்டும் பார்க்க வேண்டும். "கண்ணாடி சரியில்லை" என்று குறை கூறுவோரில் பலர் செய்யத் தவறுவது இந்தச் சிறு வேலையே.

இரண்டாவதாக, வெளிறிய வானத்தின் பின்னணியில் உள்ள மின்கம்பியைக் காட்சியின் நடுவிலும் பிறகு ஓரத்திலும் வைத்துப் பார்க்கலாம். ஊதா, பச்சை விளிம்புகள் எவ்வளவு தெரிகின்றன என்பதே நிறப்பிழைக்கு அளவு. ஓரத்தில் சிறிது இருந்தால் பொறுக்கலாம், நடுவில் இருக்கக்கூடாது.

மூன்றாவதாக, தொலைவிலுள்ள பெயர்ப்பலகையின் மிகச் சிறிய எழுத்தைப் படிக்க முயல வேண்டும். பொழுது சாயச் சாய, எந்த ஸ்கோப்பில் அந்த எழுத்து கடைசிவரை நிற்கிறது என்று பார்த்தாலே போதும். விளம்பர ஏடுகள் சொல்லாததை அந்த அரைமணி நேரம் சொல்லிவிடும். டில்லிக் குளிர்காலப் புகைமூட்டத்தில் நண்பர்களின் பைனாகுலர்களை இவ்வாறு ஒப்பிட்டபோது, பத்து மடங்கு மலிவுக் கருவி கைவிட்ட பலகையை எட்டு மடங்கு நல்ல கருவி படித்துக் காட்டிற்று.

நான்காவதாக, சூரியன் ஒரு பக்கத்தில் தாழ்ந்திருக்கும்போது, அதற்கு நன்கு விலகியுள்ள நிழல் பகுதியைப் பார்க்க வேண்டும். நிழல் கறுப்பாகவே இருந்தால் பூச்சும் குழலின் உட்கறுப்பும் நன்று. பால் கலந்தது போல் வெளுத்தால் அதை வைத்துவிடலாம்.

ஐந்தாவதாக, கண்ணைச் சற்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பார்க்க வேண்டும். சிறு அசைவுக்கே காட்சி இருண்டால், அவசரத்தில் அது உதவாது. கண்ணுக்கும் கண் லென்ஸுக்கும் இடையே ஒன்பது செ.மீ. அளவு இடைவெளி இருப்பதும் அவசியம். துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது புருவம் தப்ப வேண்டுமல்லவா?

எதற்குப் பணம் கொடுப்பது?

கண்ணாடி எவ்வளவு நன்றாயிருந்தாலும், குறுக்குக் கம்பி ஒரு முறை சீர்செய்த இடத்தில் நிற்காவிட்டால் எல்லாம் வீண். ஆகவே முதற் பணம் உறுதிக்கு, இரண்டாவது கண்ணாடிக்கும் பூச்சுக்கும், மிஞ்சினால்தான் மடங்குக்கு. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி முன்னும் பின்னும் அதிர்வதால், அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப்பை அது உலுக்கிக் கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆஸ்திரியாவின் காலெஸ், ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் ஷ்மிட் உண்ட் பெண்டர், அமெரிக்காவின் லியூபோல்ட் முதலியவை பெயர் பெற்றவை. ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல நிறுவனங்களுக்குச் செய்து தருவனவும் தரத்தில் குறைந்தவை அல்ல. கைப்பணம் குறைவானால், ஒரே பணத்துக்கு அதிக மடங்குள்ள மலிவுக் கண்ணாடியைக் காட்டிலும், குறைந்த மடங்குள்ள நல்ல கண்ணாடியை வாங்குவதே அறிவுடைமை. மாறாத ஒரே மடங்குள்ள ஸ்கோப்பில் லென்ஸுகள் குறைவு. ஆகவே அதே விலையில் தரம் கூடும். நண்பரின் தமையனாருக்கு நான் எழுதியது இதுவே: 24 மடங்கை மறந்துவிடுங்கள், காட்டு வேட்டைக்கு 3 முதல் 9 மடங்கும் 40 மி.மீ. லென்ஸும் போதும், மிச்சப் பணத்தை நல்ல பைனாகுலருக்குச் செலவிடுங்கள்.

காணாமல் எய்தவன்

பைனாகுலர் எதற்கு என்று அவர் திரும்பக் கேட்டார். இக்கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும், இதை மட்டும் மறக்கலாகாது. ஸ்கோப் துப்பாக்கியோடு சேர்ந்த பொருள். ஸ்கோப் பார்க்கும் திசையிலேயே குழலின் வாயும் பார்க்கிறது. புதரில் அசைவது மானா, மனிதனா என்று தெரிந்துகொள்ள ஸ்கோப்பைத் தூக்கினால், அது மனிதனாக இருக்குமானால், அக்கணமே ஒரு மனிதன் மேல் துப்பாக்கி நீட்டப்பட்டுவிட்டது. ஆகவே தேடுவதும் இனங்காண்பதும் பைனாகுலரின் வேலை. இன்னதென்று உறுதியான பின்னர்க் குறி பார்ப்பது மட்டுமே ஸ்கோப்பின் வேலை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் ஒளிரும் ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும் என்று சட்டம் இருப்பதும் இந்த அச்சத்தாலேயே.

தயரதன் கதை நம் நாட்டுக் குழந்தைகளும் அறிந்தது. இருளில், ஆற்றங்கரையில், குடத்தில் நீர் மொள்ளும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசையென்று கருதி அம்பு எய்தான். அவன் வில்லாற்றலில் குறையில்லை, குறியும் தப்பவில்லை. பார்வையிழந்த பெற்றோரின் ஒரே மகன் மாண்டான். குறி எங்கே என்பதை அறிந்தவன், குறி யார் என்பதை அறியவில்லை.

இன்றைய கண்ணாடி தயரதனுக்கு இல்லாத கண்ணை நமக்குத் தருகிறது. அந்தியில் கூடுதலாக ஒரு கால்மணி நேரம் இலையையும் காதையும், கொம்பையும் கிளையையும் பிரித்துக் காட்டுகிறது. அதற்காகவே நல்ல கண்ணாடிக்கு விலை கொடுக்க வேண்டும். ஆனால், எந்தக் கண்ணாடிக்கும் ஒரு நேரம் வரும். அதன் பிறகு அதுவும் இருட்டில்தான் பார்க்கும். அப்போது துப்பாக்கியைத் தாழ்த்தி, குண்டை வெளியே எடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும்.